அம்பை மட்டும் நோவதா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு சொல்லும் ஒரு வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு நாளாகப் படியுங்கள். பரீட்சை வைக்க மாட்டேன்.

டல்லாஸில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "டீச்சர், இங்கே காலேஜ் ஃபுட்பால் பையன்கள் ஏதாவது தப்பு செய்து மாட்டிக்கொண்டால் பாதிப் பேர் பையனைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் கோச்சையும் யுனிவர்சிட்டியையும் திட்டுகிறார்கள். உண்மையில் யார்தான் பொறுப்பு? என் பெண் இன்னும் இரண்டு வருடத்தில் காலேஜ் போகப்போகிறாள், அதனால்தான் கேட்கிறேன்." அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு இதை வெறும் விளையாட்டுச் செய்தியாக நினைக்க முடியவில்லை. உங்களில் பலருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், படிக்கப் போகிறார்கள். அதனால் அவருக்கு மட்டும் பதில் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பழமொழி பாதி தூரம்தான் நம்மோடு வரும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் கல்லூரி மேட்ச் என்றால் மைதானத்தைச் சுற்றி நூறு பேர் நிற்பார்கள். அங்கே அப்படியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். டிவி உரிமை, டிக்கெட், முன்னாள் மாணவர்களின் நன்கொடை என்று பணம் கொட்டும் இடம் அது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் கவர்னருக்கு இல்லை, பல்கலைக்கழக ஃபுட்பால் கோச்சுக்குத்தான். ஆனால் மைதானத்தில் ஓடுகிற பையனின் வயது பதினெட்டு, பத்தொன்பது. அவன் பெயர் மாணவன்.

இந்த விளையாட்டைக் கட்டுப்படுத்த அமைப்பு ஒன்று வந்ததே சாவுகளினால்தான். 1905-ல் ஃபுட்பால் ஆட்டத்தில் அடிபட்டுப் பல இளைஞர்கள் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அதைத் தொடர்ந்து 1906-ல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. 1910-ல் அதற்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. இன்றுவரை அங்கே கல்லூரி விளையாட்டின் சட்டாம்பிள்ளை அதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சட்டாம்பிள்ளையை நியமித்ததும் செலவுக்குக் கொடுப்பதும் அவன் கண்காணிக்க வேண்டிய அதே கல்லூரிகள்தான்.

1929-ல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை நேரில் பார்த்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. விதியை மீறி ஆட்டக்காரர்களுக்குப் பணமும் சலுகையும் கொடுப்பது ஊரறிந்த ரகசியம் என்று அதில் எழுதினார்கள். இதற்கு யார் பொறுப்பு என்பதையும் அவர்கள் மழுப்பவில்லை. கல்லூரித் தலைவரும் பேராசிரியர்களும்தான் என்றார்கள். அந்த மாதம்தான் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. நாடே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ஃபுட்பால் அறிக்கையை யார் படிப்பார்கள்? பதில் 1929-லேயே எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பதிலைத் தள்ளிப்போட்ட கதை.

இனி 1951-க்கு வருவோம். நியூயார்க் சிட்டி காலேஜ் அப்போது கட்டணமே வாங்காத கல்லூரி. ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் படித்து மேலே வந்த இடம். அதன் கூடைப்பந்து டீமில் இருந்தவர்கள் பெரும்பாலும் யூதப் பையன்களும் கறுப்பினப் பையன்களும். 1950-ல் நாட்டின் இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே ஆண்டில் ஜெயித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எந்த டீமும் அதைச் செய்ததில்லை.

அடுத்த வருடமே அந்த டீமின் பையன்களைப் போலீஸ் கைது செய்தது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு பாயிண்டைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தில்லுமுல்லு எப்படி என்றால், ஒரு டீம் 10 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக் கணக்கு இருக்கும். பையன்கள் வேண்டுமென்றே 6 பாயிண்டில் மட்டும் ஜெயிப்பார்கள். எதிர்ப்பக்கம் பணம் கட்டியவனுக்கு லாபம். டீமும் ஜெயித்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. விசாரணை முடிந்தபோது 7 கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள், 86 ஆட்டங்கள் என்று கணக்கு வந்தது.

இதெல்லாம் வெளியே வரக் காரணம் ஒரு மாணவர்தான். மன்ஹாட்டன் காலேஜில் ஆடிய ஜூனியஸ் கெல்லாக் என்ற கறுப்பின இளைஞருக்கு 1000 டாலர் தருவதாக ஆசை காட்டினார்கள். அவர் வாங்கவில்லை. நேராகக் கோச்சிடம் போய்ச் சொன்னார், விஷயம் போலீசுக்குப் போனது. அன்றைக்கு 1000 டாலர் என்பது ஏழை மாணவனுக்குச் சின்னத் தொகை இல்லை. அதனால் "சூழ்நிலைதான் காரணம், பாவம் பையன்கள் என்ன செய்வார்கள்" என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதே சூழ்நிலையில் ஒருவர் மறுத்திருக்கிறார். பழமொழி இங்கேதான் நிற்கிறது. அம்புக்கு மனசு கிடையாது, மாணவனுக்கு உண்டு.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தீர்ப்புச் சொன்ன நீதிபதி சால் ஸ்ட்ரைட் பையன்களுக்குத் தண்டனை சொன்னதோடு நிற்காமல், கல்லூரிகளையும் கோச்சுகளையும் பணக்கார முன்னாள் மாணவர்களையும் கடுமையாகச் சாடினார். படிப்பில் தகுதியில்லாதவர்களை உள்ளே கொண்டுவர மதிப்பெண் சான்றிதழ்களையே திருத்தியிருந்தது தெரியவந்தது. அந்தக் குளறுபடியைச் செய்தவர்கள் பதினெட்டு வயதுப் பையன்களா? ஆபீசில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அல்லவா?

கென்டக்கி பல்கலைக்கழகக் கோச் அடால்ஃப் ரப், சூதாடிகள் தன் பையன்களை நெருங்கவே முடியாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். சில வாரங்களில் அவருடைய பழைய ஆட்டக்காரர்களும் கைதானார்கள். கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்ததும் தெரியவந்து, 1952-53 பருவம் முழுவதும் கென்டக்கி ஆட முடியாமல் போனது. கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பிடிபட்ட பையன்களுக்குத் தொழில்முறைக் கூடைப்பந்தின் கதவு ஆயுளுக்கும் மூடிவிட்டது, சிலர் சிறைக்கே போனார்கள். ரப் 1972 வரை அதே கல்லூரியில் கோச்சாக இருந்தார். சிட்டி காலேஜ் கோச் நாட் ஹோல்மனைச் சிறிது காலம் நீக்கிவைத்தார்கள், 1954-ல் திரும்ப வேலைக்கு வந்துவிட்டார்.

அடுத்ததாக ஒரு வார்த்தையின் கதை. 1955-ல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரியின் ஃபுட்பால் மாணவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டைக் கேட்டு அவருடைய மனைவி வழக்குப் போட்டார். 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, அவர் தொழிலாளியும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ. "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லை உருவாக்கி எல்லா இடத்திலும் கட்டாயமாகப் பயன்படுத்த வைத்தது. அமைப்பின் தலைமை நிர்வாகியாக 1951 முதல் 1987 வரை இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வு பெற்ற பிறகு எழுதிய புத்தகத்தில், இவர்களைத் தொழிலாளிகள் என்று நீதிமன்றம் சொல்லிவிடுமோ என்ற பயத்தில்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தோம் என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு சொல்தானே என்று நினைக்காதீர்கள். வகுப்பில் நான் உங்களுக்கு அடிக்கடி சொல்வேனே, பெயர் வைப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று. ஆள் எடுக்கும்போதும் சம்பாதிக்கும்போதும் அவன் டீமின் சொத்து. அடிபட்டாலோ தப்பு செய்தாலோ அவன் வெறும் மாணவன், எங்களுக்குச் சம்பந்தமில்லை. லாபம் ஒரு பக்கம், பொறுப்பு இன்னொரு பக்கம் என்று பிரிக்க அந்தச் சொல் வசதியாக இருந்தது.

இனி டெக்சாஸுக்குப் போவோம். டல்லாஸில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எஸ்.எம்.யு. மெதடிஸ்ட் திருச்சபையோடு தொடர்புடையது. 1980-களின் தொடக்கத்தில் அதன் ஃபுட்பால் டீம் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்தது. நல்ல பையன்களைப் பிடித்துவரப் பணக்காரப் புரவலர்கள் ரகசியமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1985-ல் என்.சி.ஏ.ஏ. பிடித்துத் தண்டித்தது. இனிமேல் நடக்காது என்று பல்கலைக்கழகம் வாக்குக் கொடுத்தது.

ஆனால் 1986 நவம்பரில் டல்லாஸ் டிவி ஒன்றில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் தோன்றி, சேருவதற்கே 25,000 டாலர் வாங்கியதாகவும் பிறகு மாதாமாதம் பணம் வந்ததாகவும் சொன்னார். விசாரணையில், 1985 தண்டனைக்குப் பிறகும் 13 ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் கொடுத்திருப்பது வெளிவந்தது. மாதம் 50 டாலரிலிருந்து 725 டாலர் வரை, மாதச் சம்பளம் மாதிரி.

1987 பிப்ரவரி 25 அன்று என்.சி.ஏ.ஏ. எந்த ஃபுட்பால் டீமுக்கும் அதுவரை கொடுக்காத தண்டனையைக் கொடுத்தது. 1987-ல் எஸ்.எம்.யு. ஆடவே கூடாது. 1988-ல் சொந்த மைதானத்தில் ஆடக் கூடாது. பத்திரிகைகள் இதை "மரண தண்டனை" என்றே எழுதின. கடைசியில் 1988 பருவத்தைப் பல்கலைக்கழகமே ரத்து செய்துவிட்டது.

ஒரு வாரத்துக்குள் டெக்சாஸ் கவர்னர் பில் கிளெமென்ட்ஸ் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். கவர்னராக மறுபடி பதவியேற்பதற்கு முன் அவர்தான் எஸ்.எம்.யு. ஆட்சிக்குழுத் தலைவர். பணம் போய்க்கொண்டிருந்தது அவருக்கும் குழுவில் வேறு சிலருக்கும் தெரியும். உடனே நிறுத்தாமல், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்கள் படித்து முடிக்கும்வரை கொடுத்துப் படிப்படியாக நிறுத்தலாம் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். விதிக்குக் கட்டுப்படுவதாக என்.சி.ஏ.ஏ.விடம் கொடுத்த வாக்கு காற்றில் போனது. ரகசியமாகப் பணம் தருவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள்!

பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டு இயக்குநரும் கோச்சும் 1986 கடைசியிலேயே விலகிவிட்டார்கள். கிளெமென்ட்ஸ் 1991 ஜனவரி வரை கவர்னராக முழுப் பதவிக்காலமும் இருந்தார். ஒரு காசு வாங்காத பையன்களும் அந்த டீமில் இருந்தார்கள். அவர்களும் ஆட இடமில்லாமல் வேறு கல்லூரி தேடி அலைந்தார்கள். வேறு ஊர்க் கோச்சுகள் வளாகத்துக்கே வந்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் ஆள் பார்த்தார்கள். அந்த டீம் மறுபடி ஒரு பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்துக்குத் தகுதி பெற 2009 வரை ஆனது.

இதுவரை சொன்னது பணத் தப்பு. இதில் பழமொழி பெரும்பாலும் பொருந்தும். எய்தவர்கள் பெரியவர்கள், அம்புகள்தான் பையன்கள். இனிச் சொல்லப்போவது வேறு வகை. சக மாணவியின் உடம்பின்மேல் கைவைக்கும் குற்றம். இங்கே அம்பு என்று சொல்லி யாரையும் தப்பிக்கவிட முடியாது.

முதலில் ஒரு சட்ட விஷயம், அதுவும் ஐந்தாம் வகுப்பில் நடந்தது. 1992-93-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார்ந்த பையன் மாதக்கணக்கில் பாலியல் ரீதியாகத் தொல்லை செய்தான். அவளும் தாயும் ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பப் புகார் சொன்னார்கள். அவளுக்கு இடம் மாற்றிக் கொடுக்கவே மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. கடைசியில் பையன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1999-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மாணவன் செய்த தொல்லைக்குப் பள்ளி தானாகப் பொறுப்பாகாது. ஆனால் கடுமையான தொல்லை நடப்பது தெரிந்தும் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் இருந்தால், அந்த அலட்சியத்துக்குப் பள்ளி பொறுப்பு. கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு இது. அமெரிக்கர்கள் அந்தச் சட்டப் பிரிவை டைட்டில் நைன் என்பார்கள்.

நுணுக்கத்தைக் கவனியுங்கள். பையனின் குற்றத்தில் ஒரு பகுதியைப் பிரித்து நீதிமன்றம் பள்ளியின் தலையில் வைக்கவில்லை. பையனின் குற்றம் முழுக்கப் பையனுடையது. பள்ளியின் குற்றம் வேறு குற்றம், அது முழுக்கப் பள்ளியுடையது. பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்து இல்லை, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைவதற்கு.

இந்த நியாயத்தைக் கல்லூரி விளையாட்டுக்குக் கொண்டுவந்தது கொலராடோ பல்கலைக்கழக வழக்கு. 2001 டிசம்பரில், டீமில் சேர்ப்பதற்காக அழைத்துவந்த பள்ளி மாணவர்களும் ஆட்டக்காரர்களும் கலந்துகொண்ட ஒரு விருந்தில் தாங்கள் வன்கொடுமைக்கு ஆளானதாக இரண்டு மாணவிகள் வழக்குப் போட்டார்கள். ஆள்சேர்ப்பு விருந்தில் 1997-லேயே அப்படி ஒரு புகார் எழுந்து, உள்ளூர் அரசு வழக்கறிஞர் பல்கலைக்கழகத்தை எச்சரித்தும் இருந்தார். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆள்சேர்ப்பை அப்படியே நடத்தினால் பல்கலைக்கழகம் பதில் சொல்லியாக வேண்டும் என்று வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அந்த வருடமே பல்கலைக்கழகம் 28.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இப்போது மறுபடி டெக்சாஸ். டல்லாஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் வேகோ என்ற ஊர். அங்கே பாப்டிஸ்ட் திருச்சபையோடு தொடர்புடைய பேய்லர் பல்கலைக்கழகம், 1845-ல் தொடங்கியது. மது, ஒழுக்கம் பற்றியெல்லாம் கண்டிப்பான விதிகள் உள்ள இடம்.

2003-ல் அங்கே கூடைப்பந்து மாணவர் ஒருவரைச் சக ஆட்டக்காரரே சுட்டுக் கொன்றார். இறந்த மாணவரின் கட்டணத்தைக் கோச் டேவ் பிளிஸ் விதியை மீறிக் கட்டியிருந்தார். அது வெளியே வந்துவிடக் கூடாது என்று, இறந்த பையன் போதைப்பொருள் விற்றுச் சம்பாதித்தான் என்று விசாரணையில் சொல்லும்படி மற்ற ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இறந்தவன் எழுந்துவந்து மறுக்கப் போவதில்லை அல்லவா? ஓர் உதவிக் கோச் அந்தப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து வெளியிட்டதால் உண்மை தெரிந்தது. பழியைக் கீழே தள்ளுவதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நடந்த இடம் பாடம் கற்றிருக்க வேண்டும். 2010-க்குப் பிறகு பேய்லரின் ஃபுட்பால் டீம் மேலே வந்தது. 2014-ல் ஆற்றங்கரையில் புது ஸ்டேடியம் திறந்தார்கள். அதே காலத்தில் ஆட்டக்காரர்கள்மேல் மாணவிகளின் புகார்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. 2014-லும் 2015-லும் நீதிமன்றங்கள் பேய்லர் ஆட்டக்காரர்களைக் குற்றவாளிகள் என்று சொன்ன பிறகுதான் பல்கலைக்கழகம் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை வைத்து விசாரித்தது.

2016 மே மாதம் வந்த முடிவுகளைப் படித்தால் ஓர் ஆசிரியையாக வயிறு எரிகிறது. ஃபுட்பால் பிரிவு தனக்கென்று தனி ஒழுங்கு நடவடிக்கை முறை வைத்திருந்தது. வந்த புகார்களைக் கோச்சுகளில் சிலர் உரிய அதிகாரிக்கு அனுப்பவில்லை. புகார் சொன்ன மாணவியிடமோ குடும்பத்திடமோ தாங்களே பேசி விஷயத்தை அங்கேயே நிறுத்தியதும் நடந்தது. இப்படிப்பட்ட புகார்களைப் பார்க்கவென்று ஒரு முழுநேர அதிகாரியை 2014 நவம்பரில்தான் நியமித்தார்கள். போய்ச் சொன்னால் மது குடித்ததற்காகத் தங்கள்மேலேயே நடவடிக்கை வருமோ என்று பயந்து பேசாமல் இருந்த பெண்களும் உண்டு. 2011-க்குப் பிறகு 17 பெண்கள், 19 ஆட்டக்காரர்கள்மேல் புகார் சொன்னதாக ஆட்சிக்குழுவினரே பின்னர் ஒரு பத்திரிகையிடம் கணக்குச் சொன்னார்கள்.

கோச் ஆர்ட் பிரைல்ஸ் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவரும் பதவி இழந்தார். அவர் யார் தெரியுமா? கென் ஸ்டார். ஜனாதிபதி கிளின்டனைத் துருவித் துருவி விசாரித்தாரே, அதே ஸ்டார்தான். அடுத்தவர் வீட்டை அப்படிச் சோதனை போட்டவரின் சொந்த வளாகத்தில் இத்தனை புகார் கிடந்தது. போகும்போது கோச் வாங்கிக்கொண்டு போனது சுமார் 1.5 கோடி டாலர்.

சட்டாம்பிள்ளை என்ன செய்தார் என்றால், ஐந்து வருடம் கழித்து 2021 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. தீர்ப்புச் சொன்னது. பாலியல் புகார்களை மறைத்ததில் எங்கள் விதி எதுவும் மீறப்பட்டதாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். காரணம் கேட்டால் தலை சுற்றும். ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தனிச்சலுகை காட்டியிருந்தால்தான் விதி மீறல். பேய்லரிலோ சாதாரண மாணவர்கள்மேல் வந்த புகார்களையும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை, ஆகவே அது தனிச்சலுகை ஆகாது! வேறு சில மீறல்களுக்காக நான்கு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், அதோடு 5,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். இப்படித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது தங்களுக்கே மனத்தாங்கல்தான் என்றும் எழுதினார்கள். 2023-ல் ஒரு முன்னாள் மாணவி தொடுத்த வழக்கில், பல்கலைக்கழகம் அலட்சியமாக நடந்துகொண்டது என்று நடுவர் குழு சொன்னது. ஆனால் கோச்சை அந்த வழக்கிலிருந்து நீதிபதி விடுவித்துவிட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டல்லாஸில் பையன்களுக்கு 61,000 டாலர் கொடுத்ததற்கு ஒரு டீமையே மூடினார்கள். வேகோவில் பெண்கள் அழுததற்கு விதிப்புத்தகத்தில் பக்கமே இல்லை. ஏன்? அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ, அதற்குத்தான் விதி எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்துவிட்டது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்படிக்கையின்படி, கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல் உச்சவரம்பு. 1987-ல் எந்தக் காரியத்துக்கு "மரண தண்டனை" கொடுத்தார்களோ, அதே காரியத்துக்கு இன்று கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி இருக்கிறது. அதே எஸ்.எம்.யு. 2024-ல் தேசியச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்றுப் போட்டிகளில் ஆடியது. பணம் கொடுப்பது பாவமா இல்லையா என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஒரு பெண்ணின் புகாரை மேசைக்குள் வைத்துப் பூட்டுவது எந்தக் காலத்திலும் மாறாத பாவம்.

இது பெரிய பணம் புரளும் இடத்தில் மட்டும் வருகிற நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், நன்றாகக் கபடி ஆடும் பையன் ஒருவன் சின்ன வகுப்புப் பையனை அடித்து உதட்டைக் கிழித்துவிட்டான். "மண்டலப் போட்டி முடியட்டும் டீச்சர், அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றார்கள். அங்கே லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியமும் இல்லை, டிவியும் இல்லை. இருந்தது ஒரே ஒரு ஷீல்டு. நான் அன்றைக்கே அடிபட்ட பையனின் அம்மாவை வரச்சொல்லி, அவர் முன்னாலேயே பதிவேட்டில் எழுதினேன். கபடிக்காரப் பையன் போட்டிக்குப் போகவில்லை. ஸ்டாஃப் ரூமில் சில நாள் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை, அவ்வளவுதான். அந்தக் கபடிப் பையன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான். அன்றைக்கு நிறுத்தியது அவனுக்கும் நல்லதாகவே ஆனது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே மாணவரின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

தப்பு செய்தவன் தன் தப்புக்கு முழுப் பொறுப்பு. ஏழ்மை, வயது, பழக்கம் எல்லாம் தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஜூனியஸ் கெல்லாக் அதற்குச் சாட்சி.

கோச்சின் பொறுப்பு தனி. அந்தப் பையனை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து வந்தவர் அவர். அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறவர், அவன் செய்த வன்முறை மட்டும் தெரியாது என்றால் நம்ப முடியாது.

பல்கலைக்கழகத் தலைவரும் ஆட்சிக்குழுவும் எல்லோருக்கும் மேலே இருக்கிறார்கள். புகார் எங்கே போக வேண்டும், யார் விசாரிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் அவர்கள்தான். பையன் ஆடினால் யாருக்கு லாபமோ அவரிடமே பையன்மேல் வந்த புகாரையும் கொடுத்தால், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். 1929-ல் சொன்னது இன்றும் சரி.

கைதட்டுகிற நம்மைப் போன்றவர்களையும் விட்டுவிட முடியாது. டீம் ஜெயிக்கும்வரை எதையும் கேட்காமல் இருந்துவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு பையனைக் கல்லால் அடிக்கிறோம்.

மகளை அனுப்பப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காலேஜ் பார்க்கப் போகும்போது ஹாஸ்டல், லைப்ரரி, மெஸ் எல்லாம் பாருங்கள். கூடவே அங்கே உள்ளவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு மாணவி புகார் கொடுத்தால் அது யார் மேசைக்குப் போகும்? அந்த மேசையில் இருப்பவர் விளையாட்டுப் பிரிவுக்குக் கட்டுப்பட்டவரா, இல்லையா? தடுமாறாமல் பதில் சொன்னால் நல்லது. பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்: "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், நீ எங்கே இருந்தாய், என்ன குடித்தாய் என்று நாங்கள் முதல் கேள்வி கேட்க மாட்டோம்." இந்த ஒரு வாக்கை நாம் கொடுத்துக் காப்பாற்றினாலே போதும், பாதிப் புகார்கள் மண்ணுக்குள் போகாமல் தப்பிக்கும்.

அங்கே படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். நான் சொன்னதில் மாறுபட்டால் தாராளமாகச் சொல்லலாம். வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்களைத்தானே எனக்கு இன்றும் பெயரோடு நினைவிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்